பிரபலமில்லாத அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதினால் யார் படிப்பார்கள்?

அப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் கதையை எழுத ஆசை, ஆனால் "அவர் என்ன பெரிய தலைவரா?" என்று வீட்டிலேயே கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே பேச்சை நானும் வாங்கியவன். அதனால்தான் வேடிக்கை பார்த்துவிட்டுப் போகாமல் பதில் எழுத உட்கார்ந்தேன்.

என் அப்பா மதுரையில் கம்பாசிட்டர். கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ், திருவிழா அழைப்பிதழ் எல்லாம் ஈய எழுத்தைப் பொறுக்கிக் கோத்த காலத்து ஆள். அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் சின்ன மாமா சிரித்தார். "என்னத்த எழுதுவ? அடுத்தவன் கல்யாணத்துக்கு எழுத்துக் கோத்தாரு. அம்புட்டுதான?"

அம்புட்டையும் எழுதினாலே ஒரு புத்தகம் வரும். எந்த அப்பாவிடமும் போய் "உங்கள் வாழ்க்கையைச் சொல்லுங்கள்" என்றால் "கஷ்டப்பட்டோம், உங்களப் படிக்க வச்சோம்" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார். எழுத்துகளை வரியாகக் கோக்கும் சின்னச் சட்டத்துக்கு ஸ்டிக் என்று பெயர். நான் கேட்டது, "கோக்குற ஸ்டிக்க எந்தக் கையில பிடிப்பீங்க?" அப்பா டிவி ரிமோட்டை இடது கையில் எடுத்து, கட்டை விரலை அதன் மேல் அழுத்திக் காட்டினார். "வலது கை எழுத்து எடுக்கும். இந்தக் கட்டை விரலு கடைசி எழுத்தப் பிடிச்சுக்கிட்டே நகரணும். விட்டா வரி மொத்தமும் சரிஞ்சிரும்." அதன் பிறகு நிறுத்தவே இல்லை. முகூர்த்த மாதங்களில் எல்லாப் பத்திரிகையிலும் அதே வார்த்தைகள்தான் என்பதால் 'ம்' தீர்ந்துபோகும். ஒரு பத்திரிகை அச்சாகி, எழுத்தைப் பிரித்துக் கேஸில், அதாவது எழுத்துகளை அறை அறையாக வைக்கும் பெட்டியில், போடும்வரை அடுத்த கல்யாணம் காத்திருக்க வேண்டும். எழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பி இருப்பதால் வரியைத் தலைகீழாகப் பார்த்தே படித்துப் பழகியவர், டீக்கடையில் எதிரே உட்கார்ந்து படிப்பவரின் பேப்பரையும் படித்துவிடுவாராம்.

வருஷம் மட்டும் அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. எப்போது வேறு அச்சகத்துக்கு மாறினீர்கள் என்றால், "தும்பிக்கை லை போனதுக்கப்புறம்" என்றார். ஐகாரக் குறி யானைத் தும்பிக்கை போல எழுத்தோடு ஒட்டியிருந்த பழைய 'லை' அது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தது. லை, னை, றா, னா எல்லாம் இப்போதைய வடிவத்துக்கு வந்தது அதனால்தான். "குறியெல்லாம் கேஸ்லயே இருந்துச்சு. கைதான் பழைய அறைக்கே போகும்" என்றார். எல்லா அச்சகமும் ஒரே நாளில் மாறிவிடவில்லை. அதனால் "1978-க்குப் பின், நான் பிறப்பதற்கு முன்" என்றே எழுதினேன். இல்லாத துல்லியத்தைக் காட்டி என்ன ஆகப்போகிறது?

சொன்னதையெல்லாம் அப்படியே எழுதிவிடாதீர்கள். அப்பா பொய் சொல்வார் என்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். யானை தள்ளித்தான் பாரதியார் இறந்தார் என்று இன்றும் பாதிப்பேர் நம்புகிறார்கள். அதிலிருந்து அவர் தேறி, ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய்ப் பேசிவிட்டு வந்தார். பிறகு 1921 செப்டம்பரில் வயிற்று நோயில்தான் இறந்தார். ஊரறிந்த கவிஞருக்கே இந்தக் கதி என்றால், நம் வீட்டுக் கதையில் எவ்வளவு கலந்திருக்கும்?

எங்கள் வீட்டில் அது கிராமத்து வீடு விற்ற கதை. தாத்தா யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டதால் போனது என்பார் அப்பா. உங்கப்பன் சொந்தமாக அச்சகம் வைக்க ஆசைப்பட்டதால் போனது என்பார் அத்தை. பத்திரத்தில் தொகை இருக்கிறது, காரணம் இல்லை. இருவர் சொன்னதையும் அடுத்தடுத்து எழுதினேன். "செத்த மனுசனச் சந்திக்கு இழுக்குறியேடா" என்று அத்தை மூன்று மாதம் பேசவில்லை. இதைப் படித்துவிட்டுக் குடும்ப மானம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். 1880-ல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரிடம் தான் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ் எல்லாவற்றையும் அடுக்கியும் அவர் அசரவில்லை, இதனால் என்ன பிரயோசனம் என்றார் என்பதை உ.வே.சா. தன் வாழ்க்கை வரலாறான 'என் சரித்திரம்' நூலில் தானே எழுதி வைத்திருக்கிறார். எண்பது வயதைத் தாண்டி, மகாமகோபாத்தியாயர் பட்டமெல்லாம் வாங்கிய பிறகு! அப்பாவை அவரோடு ஒப்பிடவில்லை, சாமி. மறைக்காமல் எழுதினால் ஆள் சிறுத்துவிடுவதில்லை என்கிறேன், அவ்வளவுதான். அம்மா வேண்டாம் என்ற ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டேன். அது என்ன என்று இங்கேயும் சொல்லப்போவதில்லை.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். காசு வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுத் தருகிற ஆட்களிடம் பத்திரம். போனில் தட்டுகிற யூனிகோடு எழுத்தில் நான் கொடுத்ததைத் தங்கள் பழைய ஃபான்டுக்கு மாற்றினார்கள். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், கால் அடுத்த வரியில். புரூஃப் கேட்டால் "பிடிஎஃப் பார்த்து ஓகே சொல்லுங்க சார், பிரின்ட்ல சரியாயிடும்" என்றார்கள். கம்பாசிட்டரின் புத்தகம்! முன்பணம் போனது போனதுதான். கடைசியில் கணினியில் பக்கம் அமைத்துத் தரும், தெரிந்த டிடிபி கடையில் பக்கத்தில் உட்கார்ந்து முடித்தேன்.

யார் படிப்பார்கள் என்றால், முதலில் வாங்கிப் படித்தவர் சின்ன மாமா. தன் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேடியிருக்கிறார்.

உங்கள் அப்பாவிடம் "கரன்ட் ஆஃப் ஆகிவிட்டது என்று நம்பி எப்படிக் கம்பத்தில் ஏறுவீர்கள்?" என்று கேளுங்கள். எந்தப் புயலுக்கு எந்த மாவட்டத்துக்கு அனுப்பினார்கள், ராத்திரி எங்கே படுத்தார்கள், யார் சோறு போட்டார்கள் என்று கேளுங்கள். கூட வேலை பார்த்தவர் ஒருவரையும் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால், "அன்னிக்கு நீ வரவே இல்லையேப்பா" என்று அவரே திருத்துவார். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு நீங்கள் சும்மா இருங்கள்.