ஊராட்சிக் கணக்கு, டீசல் வரி, தடைக்கால நிவாரணம்: கேள்வி பதில்

கே: எங்க தெருவுல பேவர் பிளாக் போட்டு ஆறு மாசம்கூட ஆகலை, பள்ளம். "ஏன் தரமில்லாமப் போட்டீங்க"ன்னு ஆர்டிஐ போட்டேன். "தகவல் இல்லை"ன்னு பதில் வந்திருக்கு.

"ஏன்" என்று கேட்டால் அப்படித்தான் வரும். அந்தச் சட்டத்தில் கிடைப்பது ஆவணம், விளக்கம் இல்லை. இன்ன தெரு, இன்ன ஆண்டு வேலையின் எஸ்டிமேட், வேலை உத்தரவு, எம்-புக் (வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகம்) பக்கங்கள், பில் வவுச்சர் நகல் வேண்டும் என்று எழுதுங்க. 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதைத் தாண்டி நேரே தகவல் ஆணையத்துக்கு ஓடாதீங்க.

எம்-புக் கைக்கு வந்ததும் டேப்போடு தெருவில் இறங்குங்க. நீளம், அகலம், கல்லின் கனம் (60 மி.மீ.யா, 80 மி.மீ.யா), ஓரக்கல் எத்தனை மீட்டர். முக்கியமானது கல்லுக்கு அடியில். ஜல்லிப் படுகைக்கு பில் ஏறியிருந்து, கீழே வெறும் கடற்கரை மணல் இருந்தால் வண்டி ஏறியதும் அமுங்கும். ஓரக்கல் இல்லாத இடத்தில் ஒரு ஐப்பசி மழைக்கே மணல் அரித்துப் போகும். கல்லை நீங்களாகப் பெயர்க்காதீங்க, வழக்கு உங்கள் மேல் வரும். பிரிவு 2(ஜே)-யில் வேலையைப் பார்வையிடவும் சான்றிட்ட மாதிரி எடுக்கவும் உரிமை இருக்கிறது. அதற்கு மனு போட்டு, அவர்களை வைத்துக்கொண்டே எடுங்க.

கே: மீன்பிடித் தடைக்கால நிவாரணம் 8,000 வரலைண்ணே.

குடும்பத்துக்கு ஒன்றுதான். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கா, கணக்கு உயிரோடு இருக்கா, ரேஷன் கார்டில் உள்ள பெயரும் பாஸ்புக் பெயரும் ஒன்றா என்று பாருங்க. மூன்றும் சரி என்றால் மீன்வளத் துறை அலுவலகம்.

கே: ஊராட்சிக்கு 15-வது மத்திய நிதிக்குழு பணம் வந்துச்சே, மொத்தத்தையும் ரோட்டுக்குப் போட்டிருக்கலாமே?

முடியாது. 2021-26 மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவுக்கு என்றே கட்டப்பட்டது. மீதி 40-ல்தான் ரோடு. யாருக்கு எவ்வளவு போனது என்று இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊராட்சி வாரியாகப் பார்க்கலாம்.

கே: கிராம சபையில கணக்குக் கேட்டா மைக்கைப் புடுங்குறாங்க.

மைக் எதற்கு? படிவம் 30, அதாவது ஊராட்சி வரவு செலவுக் கணக்கின் சுருக்கத்தை அங்கே வைத்தாக வேண்டும். போட்டோ எடுங்க. கேள்வியை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்க. வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வராதீங்க.

கே: நாட்டுப்படகு டீசலுக்கு வரி இல்லைங்கிறாங்க. அப்புறம் ஏன் இந்த விலை? (பாம்பன்)

வருடத்துக்கு 4,400 லிட்டர் வரை மாநில விற்பனை வரி மட்டும்தான் கிடையாது. மத்திய கலால் அப்படியே இருக்கு. டீசல் ஜிஎஸ்டிக்குள்ளும் வரவில்லை.

இடையில் தொண்டிக்காரர்: அந்தக் கலால்ல ரோட்டு செஸ்ஸும் இருக்கு. கடல்ல எங்கண்ணே ரோடு?

நியாயமான கேள்வி. செஸ் என்றால் எதற்கு வாங்குகிறோமோ அதற்குச் செலவழிக்க வேண்டும். ரோட்டையே தொடாத எஞ்சினிடம் வாங்குவது கணக்குக்கு ஒட்டாது.

இடையில் கீழக்கரைக் கடைக்காரர்: காக்கா, மீனவருக்குச் சலுகை கொடுத்துட்டு எங்க கடை வரியில ஈடு கட்டுறாங்களே?

சலுகை வேறு, சம்பந்தமில்லாத வரியைத் தள்ளுவது வேறு. உங்கள் கோபம் போக வேண்டிய இடம் ஒன்று இருக்கு. வாங்காமல் விட்ட வரி செலவுக் கணக்கில் ஏறாது, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை. விசைப்படகுக்கு விற்பனை வரி இல்லாத டீசல் வருடத்துக்கு 19,000 லிட்டர். கடலுக்குப் போன டோக்கன் (அனுமதிச் சீட்டு) பதிவையும் டீசல் வழங்கிய பதிவையும் கேட்டு வாங்கி, தேதி வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்க. கரையில் கிடந்த படகு டீசல் குடித்திருந்தால் அங்கே தெரியும்.

இடையில் தொண்டிக்காரர்: நாட்டுப்படகுக்கு டோக்கனே கிடையாதே?

சரிதான். அங்கே இந்தச் சோதனை நடக்காது, விசைப்படகோடு நிறுத்திக்குங்க.

கே: கருவாட்டுக்கு ஜிஎஸ்டி உண்டா?

சில்லறையாக நிறுத்துக் கொடுத்தால் இல்லை. லேபிள் ஒட்டிய பாக்கெட் என்றால் 5 சதவீதம்.

கே: தூண்டில் வளைவு (கடலுக்குள்ள நீட்டிக் கட்டுற கல் தடுப்பு) போட்டதுல எங்க பக்கம் கரை அரிக்குது.

அது பொறியாளரிடம் கேட்க வேண்டியது. என்னால் பில்லைத்தான் படிக்க முடியும்.

கே: அண்ணே, 8,000 வரலை.

மேலே இரண்டாவது கேள்வி. பாஸ்புக்கை முதலில் பதிந்து பார்த்தீங்களா?