ஐசியூ கூரையில் அப்பா பார்த்த குரங்கு
(சிஸ்டரம்மாவிடம் கேளுங்கள்)

கேள்வி: ஏற்காடு நாகலூரிலிருந்து எழுதுகிறேன் சிஸ்டர். அப்பாவுக்கு 68 வயது. காப்பித் தோட்டத்தில் எடை போட்டுக் கணக்கு எழுதியவர். நிமோனியா முற்றி சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் 11 நாள் ஐசியூ, அதில் 7 நாள் வெண்டிலேட்டர். ட்யூபை எடுத்ததும், கூரையில் குரங்குகள் காப்பிப் பழம் பறிக்கின்றன, நர்ஸ் ஊசியில் விஷம் வைக்கிறாள் என்று கத்தினார். கையைக் கட்டிப் போட்டார்கள். எங்களை சாயங்காலம் பத்து நிமிஷம்தான் உள்ளே விட்டார்கள். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. குரங்கு போய்விட்டது, ஆனால் சின்னக் கணக்குகூடத் தப்புகிறது. காத்துக் கருப்பு, மந்திரிக்கணும் என்கிறார் அத்தை. அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

பதில்: இல்லை கண்ணு. அந்தக் காலத்தில் கடுங்காய்ச்சலில் பிதற்றினால் ‘ஜன்னி கண்டிருச்சு’ என்பார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அதுதான். டாக்டர்கள் டெலிரியம் என்கிறார்கள். உடம்பு முழுக்க நோயோடு போராடும்போது மூளையும் தடுமாறுகிறது. அமெரிக்காவில் நாஷ்வில் நகரத்து டாக்டர்கள் ஐசியூவில் இருந்த 821 பேரைப் பின்தொடர்ந்து 2013ல் வெளியிட்ட ஆய்வில், 100க்கு 74 பேருக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது இது வந்திருந்தது. உங்கள் அப்பா தனி ஆள் இல்லை.

கையைக் கட்டியது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 31 வருஷம் ஐசியூவில் இருந்தவள் நான். கட்டிய கைகளில் என் கையும் உண்டு. அப்போதெல்லாம் அசையாத பேஷண்ட்தான் எங்களுக்கு நல்ல பேஷண்ட். ராத்திரி யாராவது புரண்டால் மயக்க மருந்தைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போவோம். சிகாகோவில் 128 பேரை வைத்துச் செய்து 2000ல் வெளிவந்த ஆய்வு அந்த நிம்மதியைக் கெடுத்தது. தினம் ஒரு தடவை மருந்தை நிறுத்தி ஆளை எழுப்பிப் பார்த்தார்கள். வெண்டிலேட்டரில் இருக்கும் நாள், நடுமதிப்பாக 7.3லிருந்து 4.9 ஆகக் குறைந்தது. தூங்க வைத்ததை நாங்கள் கருணை என்று நினைத்திருந்தோம்!

சரி, பிதற்றலை நிறுத்த ஊசி போடலாமே என்பீர்கள். போட்டோம், வருஷக்கணக்காக. 566 பேரிடம் சோதித்து 2018ல் வந்த ஆய்வில், ஹாலோபெரிடால் என்ற அந்த ஊசி மருந்து பிதற்றும் நாட்களைக் குறைக்கவே இல்லை. உதவுவது சாதாரண விஷயங்கள்: பையில் கிடக்கும் கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிடுவது, பகலில் வெளிச்சம், ராத்திரி விளக்கைக் குறைப்பது, உடம்பு இடம் கொடுத்ததும் உட்கார வைப்பது, “நாகலூர்க்காரரே, இன்னைக்கு வெள்ளிக்கிழமை” என்று சொல்லிக்கொண்டே இருப்பது.

அந்தப் பத்து நிமிஷம்? பிரேசிலில் 36 ஐசியூக்களில், வீட்டார் ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வரை இருக்கலாம் என்று விட்டுப் பார்த்தார்கள் (2019). மறைக்காமல் சொல்கிறேன், டெலிரியம் குறிப்பிடும்படி குறையவில்லை. வீட்டாரின் பதற்றம் நன்றாகக் குறைந்தது. கிருமி வரும் என்றுதானே உங்களைக் கதவுக்கு வெளியே நிறுத்துகிறோம்? அதுவும் கூடவில்லை.

இனி கணக்கு. நாஷ்வில் ஆய்விலேயே, டெலிரியம் எத்தனை நாள் நீடித்ததோ அந்த அளவுக்கு ஒரு வருஷம் கழித்தும் ஞாபகமும் யோசனையும் மந்தமாக இருந்தன. மூன்று வாரத்தில் முடிவு கட்டாதீர்கள். பழைய எடைச் சீட்டு இருந்தால் தினம் நாலு வரி கூட்டச் சொல்லுங்கள். தப்பினால் திருத்த வேண்டாம், மறுநாள் மறுபடி கொடுங்கள். வாசல் வரையாவது நடக்கட்டும். அடுத்த செக்கப்பில் “ஐசியூவில் பிதற்றினார், இப்போது கணக்கு வரவில்லை” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், கேட்காவிட்டால் டாக்டர் மார்புப் படத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார். குழப்பம் திடீரென்று திரும்பினால் அன்றைக்கே மலை இறங்கிவிடுங்கள், புதுத் தொற்றாக இருக்கலாம்.

அத்தை வேப்பிலை அடித்துக்கொள்ளட்டும். சாம்பிராணிப் புகை மட்டும் வேண்டாம், நுரையீரல் இப்போதுதான் ஆறுகிறது.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். அண்ணன் வெண்டிலேட்டரில் இருக்கிறார். நேற்று போனால் குப்புறப் போட்டிருக்கிறார்கள்! மூச்சு முட்டாதா?

பதில்: முட்டாது தம்பி. மல்லாக்கப் படுத்தால் நுரையீரலின் முதுகுப் பக்கம் அமுங்கிப் போகிறது, குப்புறப் போட்டால் அது விரிகிறது. பிரான்சில் 2013ல் வந்த ஆய்வில், நுரையீரல் கடுமையாகப் பழுதான 466 பேரில், ஒரு தடவைக்கு 16 மணி நேரமாவது குப்புறப் படுத்த கூட்டத்தில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம். மல்லாந்தே இருந்தவர்களில் 32.8. லேசான நோய்க்கு இது பொருந்தாது. முகம் வீங்கி அடையாளமே தெரியாமல் இருக்கும், அம்மாவைக் கூட்டிப் போவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுங்கள். திருப்பிப் போட்ட பிறகு வீக்கம் வடிந்துவிடும்.