கடல் விற்கும் நாடு, ஆறு விற்கும் நாடு: வாசகர் கேள்வி பதில்

கே: தலைக்கு வருமானத்தில் மாலத்தீவு பூட்டானைப் போல மூன்று மடங்கு என்கிறார் ஒருவர். பூட்டான்காரர்தான் உலகத்திலேயே சந்தோஷமானவர் என்கிறார் இன்னொருவர். எங்கள் வாசகசாலைத் திண்ணையில் இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. எந்த நாடு மேல் என்று தீர்ப்புச் சொல்லுங்கள்.
(வாசகர், கொழிஞ்சாம்பாறை)

ப: மூன்று மடங்கு என்பது சரிதான். மாலத்தீவில் தலைக்கு ஆண்டு உற்பத்தி பன்னிரண்டாயிரம் டாலருக்கு மேல். பூட்டானில் நாலாயிரத்தை ஒட்டி. ஆனால் அந்தத் தலை யாருடையது, அந்தப் பணம் எங்கே தங்குகிறது என்று பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

முதலில் அளவு. பூட்டான் 38,394 சதுர கிலோமீட்டர். நம் கேரளம் 38,863. கிட்டத்தட்ட ஒரே பரப்பு. ஆனால் பூட்டானின் 2017 கணக்கெடுப்பில் மொத்த சனம் ஏழு லட்சத்து முப்பத்தைந்தாயிரம்தான். பாலக்காடு மாவட்டத்தில் மட்டும் 2011-இலேயே 28 லட்சம் பேர். மாலத்தீவு நேர் எதிர். ஏறக்குறைய 1,190 தீவுகள் இருந்தும், எல்லாவற்றையும் ஒட்டவைத்தால் 300 சதுர கிலோமீட்டர் தேறாது. பாலக்காடு மாவட்டத்தில் பதினைந்தில் ஒரு பங்கு. அதில் 2022 கணக்கெடுப்பின்படி 5.15 லட்சம் பேர். அவர்களில் 1.32 லட்சம் பேர் வெளிநாட்டுக்காரர்கள், அதாவது நாலில் ஒருவர். வங்காளதேசத்துக் கட்டடத் தொழிலாளியும் நம்மூர் சமையற்காரரும் ஆசிரியரும் அந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். அவர்கள் சம்பாதித்து வீட்டுக்கு அனுப்பும் பணமும் அந்த நாட்டு உற்பத்தியாகவே எழுதப்படுகிறது.

மாலத்தீவின் வியாபாரம் 1972-இல் ஒரு தீவில் தொடங்கியது. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பது அப்போதிருந்து எடுத்துக்கொண்ட வழி. தீவு அரசுடையது, நீண்ட காலக் குத்தகைக்கு விடுகிறார்கள். விருந்தாளி கொடுக்கும் டாலரில் அரிசி, காய்கறி, டீசல், கம்பி, சிமெண்ட், கட்டில் என எல்லாவற்றுக்கும் ஒரு பங்கு வெளியே போய்விடும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் தூத்துக்குடியிலிருந்து தோணியில் போகிறவை. வெளிநாட்டு நிறுவனம் நடத்தும் ரிசார்ட்டானால் லாபத்தில் ஒரு பங்கும் போகும். மீதியில் அரசு பிடிப்பது தீவுக் குத்தகை, சுற்றுலாப் பொருள் சேவை வரி (2025 ஜூலையிலிருந்து 17 சதவீதம்), பெரும்பாலான ரிசார்ட்டுகளில் ஒரு ஆளுக்கு ஒரு இரவுக்கு 12 டாலர் பசுமை வரி. இந்தப் பணத்தில்தான் ஆசந்தா என்ற இலவச மருத்துவத் திட்டம் ஓடுகிறது. சராசரி ஆயுள் எண்பதை ஒட்டி நிற்கிறது. பூட்டானில் எழுபதைத் தாண்டிச் சற்றுதான். திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் போனவர்கள் மாலத்தீவுக் குடும்பங்களைப் பார்த்திருப்பீர்கள். தங்கள் தீவில் முடியாத சிகிச்சைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள்.

பூட்டான் விற்பது ஆற்று நீரின் வேகத்தை, அதாவது நீர்மின்சாரத்தை. சூக்கா 336 மெகாவாட், தாலா 1,020, மாங்தேச்சு 720, இப்போது புனாத்சாங்சு இரண்டாம் நிலையம் 1,020. நம் இடுக்கி மொத்தமே 780 என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் இடுக்கியில் மழைத்தண்ணீரைத் தேக்கி வைத்துக் கோடையில் திறக்கலாம். பூட்டானின் நிலையங்களில் அநேகமாகப் பெரிய தேக்கம் கிடையாது. ஆற்றைக் குகைக்குள் திருப்பி, செங்குத்தாக இறக்கி, டர்பைனைச் சுற்றவிட்டு மறுபடி ஆற்றிலேயே விடுவார்கள். மழைக்காலத்தில் இந்தியாவுக்கு விற்பார்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை மேலே பனி உறைந்து ஆறு சுருங்கிவிடும். அடுப்பும் ஹீட்டரும் எரியும் அந்த மாதங்களில் இந்தியாவிடமிருந்து மின்சாரம் வாங்குவார்கள். மின்சாரம் விற்கும் நாடு மின்சாரம் வாங்கும் கதை இதுதான்.

மலையைத் தோண்டுவதும் லேசல்ல. புனாத்சாங்சு முதல் நிலையம் (1,200 மெகாவாட்) 2013-இல் அணை கட்டும் இடத்தில் வலது கரை மலைச்சரிவு நகர்ந்ததால் முடங்கிப்போய், இன்னும் முடியவில்லை. அணை நிற்காத வருடங்களிலும் வட்டி நிற்பதில்லை.

கடனைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு நாட்டுக் கடனும் அவற்றின் ஓராண்டு உற்பத்தியைத் தாண்டியவை. எண்ணைப் பார்த்து இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். பூட்டான் கடனில் பெரும்பகுதி நீர்மின் நிலையங்களுக்காக இந்தியாவிடம் ரூபாயில் வாங்கியது. அதே இந்தியா அந்த மின்சாரத்தை ரூபாய் கொடுத்து வாங்குகிறது. பூட்டான் நாணயமான ஙுல்ட்ரமும் ரூபாயும் ஒன்றுக்கொன்று. கடன் கொடுத்தவரே வாடிக்கையாளர். மாலத்தீவுக்கு டாலரில் அடைக்க வேண்டிய பத்திரங்கள் உண்டு. 2024-இல் இஸ்லாமியப் பத்திரத்துக்கான தவணை கட்ட முடியுமா என்ற நிலை வந்து, இந்தியா 40 கோடி டாலரும் தனியே 3,000 கோடி ரூபாயும் நாணயப் பரிமாற்றமாகக் கொடுத்த பிறகுதான் மூச்சு விட்டார்கள்.

கொரோனா வருடத்தில் மாலத்தீவின் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. ஆனால் 2020 ஜூலையிலேயே கதவைத் திறந்து வேகமாக எழுந்துவிட்டது. பூட்டான் பத்து சதவீதம்போல் இறங்கியது. எல்லையை 2022 செப்டம்பர் வரை மூடியே வைத்திருந்தது. ஒன்று விழுந்து எழுகிற நாடு, மற்றது பதுங்கி நிற்கிற நாடு. உழைக்கிற வயதில் சம்பாதிக்க மாலத்தீவு மேல். வாடகையும் இரைச்சலும் வேண்டாம், பள்ளியும் வைத்தியமும் இலவசமாக இருந்தால் போதும் என்பவருக்குப் பூட்டான். தலைநகர் மாலேயில் ஒரு குடும்பம் இரண்டு அறைக்கு என்ன வாடகை கொடுக்கிறது என்று விசாரித்துவிட்டுத் திண்ணைக்கு வாருங்கள்.

கே: பூட்டானின் மொத்த தேசிய மகிழ்ச்சியை எப்படி அளக்கிறார்கள்? ‘சந்தோஷமா இருக்கீங்களா’ என்று கேட்டு எழுதிக்கொள்வார்களா?
(கல்லூரி மாணவி, சித்தூர்)

ப: இல்லை. நாலாவது அரசர் ஜிக்மே சிங்யே வாங்சுக் 1970-களில் சொன்ன சொல்லை, 2008-க்குப் பிறகு அளவுகோலாக மாற்றினார்கள். மனநலம், உடல்நலம், கல்வி, நேரப் பயன்பாடு, பண்பாடு, நல்லாட்சி, அண்டை அயல் உறவு, சூழல், வாழ்க்கைத் தரம் என ஒன்பது துறை. அவற்றுக்குள் 33 குறியீடு. எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், காட்டுப்பன்றி வந்து பயிரை அழிக்கிறதா என்பது வரை கேள்வி போகும். (பன்றிக் கேள்வி முதலமடைக்காரர்களுக்கும் பொருந்தும்.) ஒன்பதில் ஆறு துறைக்குச் சமமான அளவு போதுமானது இருந்தால் அவர் மகிழ்ச்சியானவர் பட்டியலில் சேர்வார். அப்படிச் சேர்ந்தவர்கள் 2010-இல் 40.9 சதவீதம், 2015-இல் 43.4, 2022-இல் 48.1. அவர்கள் கணக்கிலேயே பாதிப் பேர் இன்னும் அந்தக் கோட்டைத் தொடவில்லை. பூட்டான் ‘உலகின் மகிழ்ச்சியான நாடு’ என்பது சுற்றுலாச் சுவரொட்டி வாசகம். உலக மகிழ்ச்சி அறிக்கையில் அது 2019-இல் 95-ஆவது இடம்.

அதே 2022-இல் இளைஞர் வேலையின்மை 28.6 சதவீதம். ஆஸ்திரேலியாவுக்குப் படிக்கவும் வேலைக்கும் கிளம்பியவர்களில் ஆசிரியர், நர்ஸ், அரசு ஊழியர் எல்லோரும் உண்டு. இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள்: 1990-ஐ ஒட்டி நேபாளி பேசும் தென்பகுதி மக்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு, நேபாள முகாம்களில் கிடந்து, பெரும்பாலோர் பின்னர் அமெரிக்காவிலும் வேறு நாடுகளிலும் குடியேறினார்கள். மகிழ்ச்சிக் கணக்கெடுப்பு உள்ளே இருப்பவர்களிடம் மட்டும்தானே நடக்கும்.

கே: மகன் ஹோட்டல் மேனேஜ்மெண்ட் டிப்ளமோ முடித்திருக்கிறான். மாலத்தீவு ரிசார்ட்டில் வேலை என்று ஒரு ஏஜெண்ட் வந்திருக்கிறார். எதையெல்லாம் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்?
(வாசகர், வேலந்தாவளம்)

ப: வளைகுடாவுக்குப் போகும்போது பத்தாம் வகுப்புத் தேறாதவர் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி கேட்பார்கள். அந்தப் பதினெட்டு நாட்டுப் பட்டியலில் மாலத்தீவு இல்லை. அதனால் ஒப்பந்தத்தை நமக்காகப் படித்துப் பார்க்கும் அதிகாரி யாரும் இடையில் இல்லை. நீங்களேதான் படிக்க வேண்டும்.

ஏஜெண்ட் பதிவு பெற்றவரா என்று இந்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும். அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ‘முதலில் டூரிஸ்ட்டாகப் போகட்டும், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்பவரையும் நம்பாதீர்கள். வேலை அனுமதிக் கடிதம் கையில் வந்த பிறகுதான் டிக்கெட். போனதும் மருத்துவப் பரிசோதனை உண்டு. அதில் தவறினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனவே இங்கேயே ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

சம்பளம் எந்த நாணயத்தில் என்பதுதான் தலையாய கேள்வி. ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா (மாலத்தீவு நாணயம்) என்பது அரசு விலை. அந்த விலையில் வங்கியில் டாலர் வேண்டிய மட்டும் கிடைக்காது. வெளிநாட்டு ஊழியர் மாதம் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், அதுவும் அண்மையில் சுருங்கிக்கொண்டே வருகிறது. 8,000 ரூஃபியா சம்பளம் தாளில் 519 டாலர். வெளியே 18 கொடுத்து டாலர் வாங்கினால் 444 தான். மாதம் 75 டாலர் போய்விடும். ரூஃபியா நோட்டை ஊருக்குக் கொண்டுவந்தால் பாலக்காட்டில் மாற்ற ஆள் கிடையாது. ஆகவே டாலர் சம்பளம், முடிந்தால் இந்தியக் கணக்கிலேயே வரவு என்று எழுதி வாங்குங்கள்.

அடுத்தது சேவைக் கட்டணம். விருந்தாளி பில்லில் வசூலிக்கும் பத்து சதவீதத்தை ஊழியர்களுக்குப் பகிர வேண்டும் என்பது சட்டம். நல்ல ரிசார்ட்டில் இது அடிப்படைச் சம்பளத்துக்கு நிகராகவும் வரும், மேலேயும் போகும். ஏஜெண்ட் உங்களிடம் காட்டுவது ஜனவரி மாதத் தொகையாக இருக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, கூட்டம் குறையும். சென்ற ஆண்டு ஜூன், செப்டம்பர் மாதங்களில் எவ்வளவு பகிர்ந்தார்கள் என்று கேளுங்கள். வீட்டுக் கடன் தவணையை அந்தத் தொகையை வைத்துத்தான் திட்டமிட வேண்டும்.

எந்தத் தீவு, மாலேயிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் கேளுங்கள். கடல் விமானம் பகலில் மட்டும்தான் பறக்கும். இரவில் நெஞ்சுவலி வந்தால் படகுதான். வருட விடுப்புக்கு டிக்கெட் யார் போடுவது, தங்குமிடத்தில் ஒரு அறைக்கு எத்தனை பேர், கூடுதல் நேரத்துக்குக் கணக்கு உண்டா என்பதெல்லாம் வாய்ப்பேச்சில் நிற்காமல் தாளில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டை நிர்வாகம் வாங்கி வைத்துக்கொள்வது வழக்கமாக நடக்கிறது. அதனால் எல்லாப் பக்கங்களின் நகலும் வீட்டில் இருக்கட்டும்.

பெட்டி கட்டும்போது ஒன்று: அது முழு முஸ்லிம் நாடு, வேறு மதத்தவர் குடியுரிமை பெற முடியாது. வழிபாட்டுச் சிலைகள், மதுபானம், பன்றியிறைச்சி மூன்றும் சுங்கத்தில் தடை. அம்மா பாசத்தோடு வைத்துவிடும் சின்னப் பிள்ளையார் விக்கிரகம் மாலே விமான நிலையத்தில் சிக்கலாகும். மனதில் கும்பிட யாரும் தடை சொல்வதில்லை.

கே: பூட்டானில் ஆசிரியர் வேலை இன்னும் கிடைக்கிறதா? அந்தக் காலத்தில் கேரளத்திலிருந்து நிறையப் பேர் போனார்களே?
(ஆசிரியை, முதலமடை)

ப: கிடைக்கிறது, ஆனால் எல்லாப் பாடத்துக்கும் இல்லை. தங்கள் ஆசிரியர்கள் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியதால் மேல்நிலை வகுப்பில் கணினி அறிவியல், இயற்பியல், வேதியியல், கணிதம் நான்குக்கும் ஆள் தட்டுப்பாடு. இந்திய அரசின் எட்சில் நிறுவனம் 2024-இல் இவற்றுக்கு ஆள் எடுத்தது. அதன் தளத்தைத்தான் பார்க்க வேண்டும், தனி ஏஜெண்ட் தேவையில்லை. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கும், மொழி தடையாகாது. பெரும்பாலும் மலை ஊர். குளிர்காலத்தில் ரூம் ஹீட்டர் இல்லாமல் முடியாது. பச்சை மிளகாயைக் காய்கறியாகவே சீஸில் வேகவைத்து உண்பார்கள். தசரா அங்கே அரசு விடுமுறை.

கே: கடல் ஏறினால் மாலத்தீவு மூழ்கிவிடும் என்கிறார்கள். பூட்டானுக்கு அந்தப் பயம் இல்லைதானே?
(வாசகர், மீனாட்சிபுரம்)

ப: பூட்டானுக்கு வேறு பயம். பனியாறு உருகி மேலே ஏரியாகத் தேங்கி, கரை உடைந்து இறங்கும். 1994-இல் லுக்கே ஏரி உடைந்து புனாகா பள்ளத்தாக்கில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மின் நிலையங்கள் இருப்பதும் அதே பள்ளத்தாக்குகளில்தான்.

மாலத்தீவில் நிலத்தின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து ஒரு மீட்டருக்குள். ஆனால் தீவு மூழ்குவதற்கு வெகு முன்பே கிணற்று நீர் உப்பாகிவிடும். 2004 சுனாமியில் பல தீவுகளில் அதுதான் நடந்தது. மாலே நகரம் கடல்நீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்கிறது. 2014 டிசம்பரில் அந்த ஆலையில் தீப்பிடித்ததும் ஊருக்கே குடிநீர் நின்று, இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. தமிழ்நாட்டிடம் ஆளியாற்றுத் தண்ணீர் கேட்டு ஆண்டுதோறும் கடிதம் எழுதும் நமக்கு இது சட்டென்று புரியும்.

கே: சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் எது சிக்கனம்?
(வாசகி, கோழிப்பாறை)

ப: குடும்பமாக என்றால் பூட்டான். கன்னியாகுமரி – திப்ரூகர் விவேக் எக்ஸ்பிரஸ் பாலக்காடு வழியாகவே போகிறது; நியூ ஜல்பைகுரியில் இறங்கி ஜெய்காவ் வரை சாலை, அதையடுத்து பூட்டானின் புன்ட்ஷோலிங். விசா வேண்டாம், பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை. ஆதார் செல்லாது, இதில்தான் நிறையப் பேர் எல்லையில் மாட்டுகிறார்கள். குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ். தங்கும் வாடகை போக, இந்தியர் இரவுக்கு 1,200 ரூபாய் பூட்டான் அரசுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குப் பாதி, அதற்குக் கீழ் இல்லை. திரும்பும்போது மிச்சமிருக்கும் ஙுல்ட்ரத்தை ஜெய்காவிலேயே செலவழித்துவிடுங்கள். அதைத் தாண்டினால் யாரும் வாங்கமாட்டார்கள்.