ஐரோப்பாவில் ஆறுகள் கண்ணாடி மாதிரி ஓடுகின்றன. பிறகு ஏன் பெரும்பாலானவை ‘நல்ல நிலையில் இல்லை’ என்று அறிக்கை வருகிறது?

“இங்கே எந்த ஆற்றைப் பார்த்தாலும் அடியில் கிடக்கும் கல் தெரிகிறது, ஏரிகளில் குழந்தைகள் குளிக்கிறார்கள், ஆனால் செய்தியில் பாதிக்கு மேல் மோசம் என்று போடுகிறார்கள், இது ஏதாவது அரசியல் கணக்கா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் படிப்புக்கோ வேலைக்கோ இங்கே வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். வந்த புதிதில் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். கீழே ஏற்கெனவே இரண்டு பேர் “எல்லாம் பச்சைக் கட்சிக்காரர்களின் மிகைப்படுத்தல்” என்று பதில் எழுதியிருப்பதைப் பார்த்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை, ஏனென்றால் அந்த அறிக்கைகளுக்குள் போகும் எண்களில் ஒரு சிறு பகுதி என் மேசையிலிருந்து போகிறது. நான் ஜெர்மனியில் ரூர் பகுதியில் ஒரு சின்ன ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஓடைகளில் மாதிரி எடுத்து, அதில் இருக்கும் பூச்சி, புழு, நத்தை எல்லாவற்றையும் பிரித்து அடையாளம் காண்பதுதான் வேலை. பேராசிரியர் இல்லை, கொள்கை வகுக்கிற ஆளும் இல்லை. அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து மட்டும் சொல்கிறேன்.

முதலில் நீங்கள் பார்த்த எண். ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், ஆறு, ஏரி, கழிமுகம், கரையோரக் கடல் எல்லாம் சேர்த்து 37 சதவீதம்தான் சூழலியல் அளவில், அதாவது அங்கே வாழும் உயிர்களை வைத்துப் பார்த்தால், நல்ல நிலையிலோ அதற்கு மேலோ இருக்கின்றன. வேதியியல் அளவில், அதாவது நச்சுப்பொருள்களை வைத்துப் பார்த்தால், 29 சதவீதம். இதில் ஜெர்மனியின் நிலை சராசரியை விட மோசம். இங்கே சூழலியல் அளவில் தேறுவது பத்து சதவீதம்கூட இல்லை. இங்கிலாந்தின் 2019 மதிப்பீட்டில் ஆறுகளில் 14 சதவீதம். இவை யாரோ ஒரு இயக்கம் கிளப்பிவிட்ட எண்கள் இல்லை, அந்தந்த அரசுகளே சட்டப்படி அளந்து கொடுத்தவை. தன்னைத் தானே மோசம் என்று காட்டிக்கொள்ள எந்த அரசுக்கும் ஆசை இருக்காது.

கல் தெரிகிறது என்பதால் ஆறு நன்றாக இருக்கிறது என்று ஆகாது. நைட்ரேட் தண்ணீரில் கரைந்தால் நிறம் மாறாது, பூச்சிக்கொல்லிக்கும் நிறம் கிடையாது, உப்பும் அப்படித்தான். குளிக்கலாமா என்பது வேறு கணக்கு. குளிக்கும் இடங்களில் இங்கே முக்கியமாக இரண்டு வகைப் பாக்டீரியாக்களைத்தான் எண்ணுகிறார்கள், ஈ.கோலை ஒன்று, குடல் என்டிரோகாக்கஸ் இன்னொன்று. உங்கள் வயிற்றுக்கு ஆபத்து இல்லை என்று அது சொல்லும். அந்த ஆற்றில் மீன் முட்டை பொரிக்குமா என்று அது சொல்லாது.

2000-ல் ஐரோப்பிய ஒன்றியம் வாட்டர் ஃபிரேம்வொர்க் டைரக்டிவ் என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அது தண்ணீரை மட்டும் கேட்கவில்லை, தண்ணீரில் வாழ்கிறவர்களைக் கேட்கச் சொன்னது. மீன்கள், நீர்த்தாவரங்கள், கல்லின் மேல் வழுக்கலாகப் படிந்திருக்கும் டயாட்டம் பாசிகள், மிதக்கும் நுண்பாசிகள், அப்புறம் அடித்தளத்தில் வாழும் முதுகெலும்பில்லாத சிற்றுயிர்கள். ஒவ்வொரு வகை ஓடையும் மனிதக் கை அதிகம் படாமல் இருந்திருந்தால் அதில் யார் யார் இருந்திருப்பார்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஜெர்மனியில் மட்டும் 25 வகை ஓடை, ஆறு பிரித்து வைத்திருக்கிறார்கள். மலையடிவாரக் கூழாங்கல் ஓடையையும் வடக்குச் சமவெளியின் மணல் ஓடையையும் ஒரே பட்டியலோடு ஒப்பிட மாட்டார்கள். அந்தப் பட்டியலிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வைத்து ஐந்து தரம்: மிக நன்று நீலம், நன்று பச்சை, மிதம் மஞ்சள், குறைவு ஆரஞ்சு, மோசம் சிவப்பு. நீங்கள் செய்தியில் பார்த்த வரைபடத்தின் நிறங்கள் இவைதான்.

ஏன் பூச்சிகளைக் கேட்கிறோம்? ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்தால் அந்த நிமிடத்து ஆறுதான் கிடைக்கும். நேற்று இரவு பெருமழையில் சாக்கடைக் குழாய் வழிந்து ஆற்றில் கலந்திருக்கலாம், போன வாரம் பக்கத்து வயலில் மருந்து அடித்திருக்கலாம், பாட்டிலுக்கு அது தெரியாது. ஆனால் ஸ்டோன்ஃபிளை என்ற பூச்சியின் சில வகைகளில் இளம்பூச்சிகள் ஒரு வருடத்துக்கு மேல் அதே கற்களுக்கு அடியில் கிடக்கும். நடுவில் ஒரே ஒரு இரவு ஆக்சிஜன் குறைந்தாலும் அவை இருக்காது. அவை இருக்கின்றன என்றால் அத்தனை மாதமும் ஆறு தாங்கியிருக்கிறது என்று பொருள். இது புதிய யோசனையும் இல்லை. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்சன் என்ற இருவர் 1900-களின் தொடக்கத்திலேயே எந்த உயிரி எவ்வளவு கழிவைத் தாங்கும் என்று வரிசைப்படுத்திவிட்டார்கள். கடைசி வரிசையில் வருவது நம் ஊர் வண்ணமீன் கடைகளில் தீனியாக விற்கிற டியூபிஃபெக்ஸ் புழு.

மாதிரி எடுப்பதும் கண்ட இடத்தில் வலையைப் போடுவது இல்லை. சின்ன ஓடைகளுக்கு வசந்தத்தின் தொடக்கத்திலேயே போய்விட வேண்டும், தாமதித்தால் பூச்சிகள் சிறகு முளைத்துப் பறந்துவிடும். மார்ச் மாதத் தண்ணீரில் இறங்கினால் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் இருந்தும் விரல் மரத்துப் போகும். கல், மணல், வேர், உதிர்ந்த இலை என்று அங்கே எது எவ்வளவு பரப்பில் இருக்கிறதோ அதே விகிதத்தில் 20 இடங்களில், ஒவ்வொன்றும் 25 சென்டிமீட்டர் சதுரம், காலால் அடியைக் கிளறி வலையில் பிடிக்க வேண்டும். பிறகு எத்தனாலில் போட்டு ஆய்வகத்துக்கு. அங்கே குறைந்தது 350 உயிரிகளையாவது பிரித்து எடுத்து, மைக்ராஸ்கோப்பில் செவுளின் வடிவம், காலின் முடி எல்லாம் பார்த்து இனம் சொல்ல வேண்டும். அவசரப்பட முடியாத வேலை.

சரி, நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கு அதில்தான் முழுப் பதில் இருக்கிறது.

ரூர் பகுதியில் எம்ஷர் என்று ஒரு ஆறு. நூறு வருடத்துக்கு மேல் அது திறந்த சாக்கடை. கிளை ஓடைகளும் அப்படியே, கான்கிரீட் தொட்டிக்குள் அடைக்கப்பட்டு, வேலி போட்டு, குழந்தைகள் விழுந்துவிடாமல் எச்சரிக்கைப் பலகை வைத்து. நிலத்தடியில் குழாய் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். நிலக்கரி தோண்டத் தோண்ட மேலே நிலம் இறங்கிக்கொண்டே இருந்தது, குழாய் போட்டால் உடைந்துவிடும். சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து நிலம் ஓய்ந்த பிறகுதான், 1992-ல், வேலையைத் தொடங்கினார்கள். 51 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடியில் பெரிய கழிவுநீர்க் குழாய், ஏறக்குறைய 550 கோடி யூரோ செலவு, 2021 முடிவில் எம்ஷரில் சாக்கடை விழுவது நின்றது. இதை நான் ஐரோப்பாவின் மிகப் பெரிய நல்ல காரியங்களில் ஒன்றாக நினைக்கிறேன், எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்வேன்.

அப்படிக் கான்கிரீட்டை உடைத்து, கரையை விரித்து, சரளைக்கல் போட்டு விடுவித்த ஒரு கிளை ஓடையில் நாங்கள் மாதிரி எடுத்தோம். தண்ணீர் அவ்வளவு தெளிவு. கரையில் ஆல்டர் மரக் கன்றுகள், நடைபாதை, பெஞ்சு, ஒரு பாட்டி நாயோடு நின்று நாங்கள் செய்வதை வேடிக்கை பார்த்தார். ஆய்வகத்தில் தட்டைப் பிரித்தால் காமாரஸ் என்ற நன்னீர்க் கூனிகள் நிறைய, மேஃபிளை என்ற நீர்ப்பூச்சியில் வேகமாக நீந்தும் ஒரு வகை, இரத்தப்புழு, கொஞ்சம் வண்டு. ஸ்டோன்ஃபிளை ஒன்றுகூட இல்லை. மணலை ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு வாழும் கேடிஸ்ஃபிளைகளில் அந்த வகை ஓடைக்கு உரியவை பெரும்பாலும் இல்லை. முடிவு: மஞ்சள்.

பிறகு அந்த ஊரில் தேவாலயத்தின் கூடம் ஒன்றில் மக்களுக்கு விளக்கும் கூட்டம் வைத்தார்கள், என் மேலாளரோடு நானும் போயிருந்தேன். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எழுந்து கோபமாகப் பேசினார். சின்ன வயதில் கோடையில் ஜன்னல் திறக்க முடியாத நாற்றம், இப்போது என் பேரன் அதில் கால் நனைக்கிறான், நீங்கள் வந்து மிதம் என்று மஞ்சள் பூசுகிறீர்களா என்று கேட்டார். அவர் கோபத்தில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. மேலாளர் என்னைப் பேசச் சொன்னார். நான் சொன்னது இதுதான்: ஐயா, நீங்கள் சொல்வது முழுக்க உண்மை, இந்த மஞ்சள் அதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்டோன்ஃபிளை தூரம் பறக்கத் தெரியாத பூச்சி. பக்கத்து ஓடையில் இருந்தால்தான் இங்கே வரும். பக்கத்து ஓடைகளும் நூறு வருடம் சாக்கடையாகவே இருந்தன, அவை எங்கிருந்து வரும்? எங்கோ ஒரு காட்டுப் பகுதியின் மேல்நிலை ஓடையில் மிச்சம் இருக்கிற கூட்டம் மெல்ல மெல்ல இறங்கி வர வேண்டும், நடுவில் ஒரு மதகோ நீண்ட குழாயோ இருந்தால் அங்கேயே நின்றுவிடும். இன்று பச்சை போட்டுவிட்டால் அந்த மதகை எடுக்க யாரும் நாளைக்குப் பணம் ஒதுக்க மாட்டார்கள். அவர் சமாதானம் ஆனாரா என்று தெரியாது. கூட்டம் முடிந்து மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் வந்து நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு இந்த ஆய்வை எங்களிடம் கொடுத்த அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இன்னும் சில இனங்கள் கிடைத்திருந்தால் பச்சை வந்திருக்கும், அடையாளம் கண்டதை மறுபடி ஒருமுறை பார்க்க முடியுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்கள். பார்த்தேன். முடிவு அதேதான், அதையே எழுதி அனுப்பினேன். பச்சை வேண்டும் என்று யாரோ ஆசைப்படுவதால் தட்டில் பூச்சி வந்துவிடாது.

இப்போது “ஏமாற்றுக் கணக்கு” என்று சொல்கிறவர்களின் முக்கிய வாதத்துக்கு வருகிறேன். மீன், தாவரம், பாசி, பூச்சி இவற்றில் எது மோசமோ அதன் தரம்தான் மொத்த ஆற்றின் தரம். பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறினாலும் ஃபெயில் என்பது மாதிரி. இது முன்னேற்றத்தை மறைக்கிறது என்று சொல்கிறார்கள், அதில் ஓரளவு நியாயம் உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன், மூன்று பாடத்தில் தேறியதையும் பக்கத்தில் அச்சடித்துக் காட்டலாம், தவறில்லை. ஆனால் சராசரி எடுக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? பாசிக்கும் பூச்சிக்கும் நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டு மீனே ஏற முடியாத ஆற்றை நல்ல ஆறு என்று சொல்லிவிடலாம். ஐரோப்பிய ஆறுகளில் குறைந்தது 12 லட்சம் தடைகள் இருக்கின்றன என்று 2020-ல் வெளியான ஆய்வு சொல்கிறது, பெரிய அணைகள் குறைவு, பெரும்பாலானவை யாரும் கவனிக்காத சின்னத் தடுப்புகள். சராசரிக்குள் இவை எல்லாம் காணாமல் போய்விடும்.

வேதியியல் பக்கம் ஜெர்மனியின் ஆறும் ஏரியும் ஒன்றுகூடத் தேறவில்லை என்று படித்து நீங்கள் பயந்திருக்கலாம். அதற்கு முக்கியக் காரணம் மீன் உடலில் இருக்கும் பாதரசமும் பழைய தீத்தடுப்பு வேதிப்பொருள்களும். நிலக்கரி எரித்த புகையிலிருந்து பாதரசம் காற்றில் போய் எல்லா இடத்திலும் படிந்துவிட்டது. வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், மீன் தின்னும் பறவை, நீர்நாய் இவற்றைக் காக்க வைத்தது. மனிதர் உண்ணும் மீனுக்கான வரம்பு அதைவிடப் பல மடங்கு அதிகம். அதனால் மீனைத் தொடவே கூடாது என்று அர்த்தமில்லை. இப்படி எங்கும் பரவி நெடுங்காலம் நிற்கும் பொருள்களை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் ஐரோப்பாவில் 80 சதவீதம் தேறுகிறது. இதையும் அதே அறிக்கை வெளிப்படையாகச் சொல்கிறது, மறைக்கவில்லை.

முறையில் குறையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆறு வருடத்துக்கு ஒருமுறை திட்டம் போடுகிற அமைப்பு திடீர் விபத்தைத் தடுக்காது. 2022 ஆகஸ்டில் போலந்துக்கும் ஜெர்மனிக்கும் நடுவில் ஓடும் ஓடர் ஆற்றில் நூற்றுக்கணக்கான டன் மீன் செத்தது. சுரங்கங்களிலிருந்து விட்ட உப்பு நீர், வெயில், குறைந்த நீரோட்டம் எல்லாம் சேர்ந்து, உவர்நீரில் வளரும் பிரிம்னீசியம் என்ற நச்சுப்பாசி பெருகிவிட்டது. உப்பு விடுவதற்கு அனுமதி இருந்தது என்பதுதான் கொடுமை. ரைன் ஆறு வேறு கதை. 1986-ல் சுவிட்சர்லாந்தில் பாஸல் அருகே சாண்டோஸ் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் கிடங்கு எரிந்து பல நூறு கிலோமீட்டருக்கு விலாங்கு செத்த பிறகு, நாடுகள் சேர்ந்து உழைத்துத் தண்ணீரை மீட்டார்கள், சால்மன் திரும்பியது. ஆனால் 1992-ல் ரைன் பக்கத்தையும் கருங்கடலில் விழும் டான்யூப் ஆற்றையும் இணைக்கும் மைன்-டான்யூப் கால்வாய் திறந்ததும் கருங்கடல் பக்கத்துக் கூனிகள் வந்து உள்ளூர் சிற்றுயிர்களைத் தின்று தீர்த்துவிட்டன. ஆக்சிஜன் மீட்டரை மட்டும் நம்பியிருந்தால் இதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் திருநெல்வேலியில் விலங்கியல் முதுகலை படித்தவள். இங்கே வந்து அந்தப் பட்டத்தை அங்கீகரிக்கச் சொல்லி ஒரு அலுவலகத்துக்கு அலைந்தபோது, பாடத்திட்டத்தை மணிக்கணக்கோடு கொண்டுவா, மொழிபெயர்த்துக் கொண்டுவா, முத்திரை சரியில்லை என்று வருடக்கணக்கில் இழுத்தார்கள். இன்றைக்கும் எனக்குச் சம்பளம் உதவியாளர் தரத்தில்தான். ஆனால் சந்தேகமான மேஃபிளை வந்தால் பட்டம் உள்ளவர்கள் என் மேசைக்குத்தான் கொண்டுவருகிறார்கள். சொந்தக்காரர்களோ, இவ்வளவு படித்துவிட்டுப் புழு பொறுக்குகிறாயே என்கிறார்கள். புழு பொறுக்க ஆள் இல்லாமல் இங்கே ஆய்வகங்கள் தவிக்கின்றன என்பது அவர்களுக்குத் தெரியாது. இனம் சொல்லத் தெரிந்தவர்களில் நிறையப் பேர் ஓய்வு பெறும் வயதில் இருக்கிறார்கள். விலங்கியல் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், இது மதிப்பான வேலை, தயங்க வேண்டாம்.

உங்களுக்கு ஒரு யோசனை. நீங்கள் இருக்கும் மாநிலத்தின் நீர் நிர்வாகம் ஒவ்வொரு ஓடைக்கும் தனித்தாள் வெளியிட்டிருக்கும், உங்கள் ஓடையின் பெயரைப் போட்டு மீன், பூச்சி, பாசி என்று தனித்தனியாகப் பாருங்கள், மொத்த நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஏப்ரலில் ஒருநாள் வேகமாக ஓடும் இடத்தில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். இரண்டு வால் இருந்தால் அநேகமாக ஸ்டோன்ஃபிளை, மூன்று இருந்தால் மேஃபிளை, சிலதுக்கு மட்டும் இது மாறும். பார்த்த பிறகு கல்லைப் பழையபடி அதே இடத்தில் வைத்துவிடுங்கள். கைபேசியில் தெளிவாக ஒரு படம் எடுத்துப் பின்னூட்டத்தில் போட்டால் என்ன வகை என்று சொல்கிறேன், ஊர்ப் பெயரும் சேர்த்துப் போடுங்கள், எந்த வகை ஓடை என்று தெரிந்தால்தான் அங்கே அது இருக்க வேண்டியதா இல்லையா என்று சொல்ல முடியும்.