சிங்கப்பூரில் சிறிய கடை வைத்திருக்கிறேன். கணினியில் நிறுவிய கணக்கு மென்பொருளை விட்டுவிட்டு கிளவுடுக்கு, அதாவது இணையம் வழியே சந்தா கட்டிப் பயன்படுத்தும் மென்பொருளுக்கு, மாறலாமா?

மாறலாம். உள்ளே போட்ட கணக்கை முழுதாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாறுங்கள்.

உங்கள் கடையிலும் ஒரு பழைய கணினி இருக்கும், அதில் என்றோ மொத்தமாகக் காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். தேக்காவில் நான் கணக்குப் பார்க்கும் துணிக்கடையிலும் அப்படித்தான் இருந்தது.

நான் கிளவுடுக்கு எதிரி இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரல் 7ஆம் தேதி சர்க்கிட் பிரேக்கர் என்ற கொரோனா முடக்கம் தொடங்கிக் கடையைப் பூட்டினோம். மார்ச்சோடு முடிந்த காலாண்டுக்கு ஜிஎஸ்டி கணக்கு கொடுக்க வேண்டிய நேரம். கணக்கு முழுவதும் பூட்டிய கடைக்குள். அதற்குப் பிறகு கிளவுடுக்கு மாறச் சொல்லி முதலாளியை வற்புறுத்தியதே நான்தான். 2023இல் ஜிஎஸ்டி 8 விழுக்காடாகவும் 2024இல் 9 விழுக்காடாகவும் ஏறியபோது யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை, புது விகிதம் தானாக வந்து நின்றது.

பிறகு அந்த மென்பொருள் நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கியது. சந்தா மட்டும் ஏறியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்போம். நாங்கள் சூரத்திலும் சென்னையிலும் சரக்கு எடுக்கிறோம், பில் ரூபாயில் வரும். வெளிநாட்டு நாணயத்தில் பதியும் வசதியை அதிக விலைத் திட்டத்துக்குத் தூக்கிவிட்டார்கள். வேண்டாம், விலகிவிடலாம் என்று முதலாளி முடிவெடுத்த பிறகுதான் நிபந்தனைகள் வெளியே வந்தன. பேரேடு எக்செல் கோப்பாகக் கிடைக்குமாம். அதோடு இணைத்த பில் படங்கள் மொத்தமாகக் கிடைக்காது, ஒவ்வொன்றாகத் திறந்துதான் இறக்க வேண்டும். சந்தா முடிந்து மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள். உள்நாட்டு வருவாய் ஆணையமோ குறைந்தது 5 ஆண்டுக்கு ஆவணங்களை வைத்திருக்கச் சொல்கிறது. கேட்டால் காட்ட வேண்டியது நாம், மென்பொருள்காரர் இல்லை.

எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மாறிய முதல் மாதத்திலிருந்தே பேரேடு, ஜிஎஸ்டி பட்டியல், பில் படங்கள் மூன்றையும் மாதக் கடைசியில் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்து வந்தேன். "கிளவுட்லதான் இருக்கே அக்கா, எதுக்கு இந்த வேலை?" என்று முதலாளியின் மகன் கேட்டுக்கொண்டே இருப்பார். நான் விடவில்லை. ஒரு பில்கூட விடுபடாமல் அடுத்த மென்பொருளுக்குப் போனோம். இதைப் பெருமையாகவே சொல்கிறேன்.

ஹார்ட் டிஸ்க் கெட்டுப்போகாதா என்று யாராவது கேட்பீர்கள். கெடும். அதனால்தான் இரண்டு இடத்தில் இருக்கட்டும் என்கிறேன். பெரிய நிறுவனமாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லை வராது என்றும் சொல்வீர்கள். 2025 ஜூலையில் இந்தியாவின் நயாரா எனர்ஜி என்ற எண்ணெய் நிறுவனத்துக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தின் தடையைத் தொடர்ந்து, மைக்ரோசாஃப்ட் சேவைகள் நின்றுபோயின. அவர்கள் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் திரும்ப வந்தன. நீங்களும் நானும் எந்த நீதிமன்றத்துக்குப் போவது?

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த மென்பொருள்கள் எல்லாவற்றிலும் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், நிரப்பாமல் நகர விடாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரைத்தான் போடுகிறோம். காலமாகிவிட்ட என் அப்பாவின் பெயரை விளித்து மாதாமாதம் சந்தா பாக்கி என்று மின்னஞ்சல் வருகிறது. எழுதிக் கேட்டேன், மாற்ற முடியாது என்றார்கள். இத்தனை தமிழர் இருக்கும் ஊரில் விற்கிறவர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட அனுமதித்தால் என்ன?

சரி, உங்கள் விஷயம். நான் ஆடிட்டர் இல்லை, கடைக் கணக்கு எழுதுகிறவள். வருவாய் ஆணையத்தின் மென்பொருள் பட்டியலில் இருப்பதாகப் பாருங்கள், அதிலிருந்து ஆணையம் கேட்கும் தணிக்கைக் கோப்பை எடுக்க முடியும். இன்னும் ஜிஎஸ்டிக்குப் பதியவில்லை என்றால் மின் பில் அனுப்பும் இன்வாய்ஸ்நவ் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல், தாமாக முன்வந்து புதிதாகப் பதிகிற எல்லாருக்கும் அது கட்டாயம். விற்க வருகிறவர் எதிரிலேயே பத்து பில்லை ஏற்றி, படங்களோடு மொத்தமாக இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.