கவுன்சில் மானியத்தை நிறுத்தினால் எதிர்த்துக் கேட்கலாமா?

தங்கச்சி, உங்கள் மாமி போய்வரும் தமிழ் முதியோர் நிலையத்துக்கு லண்டன் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) ஒன்று மானியத்தை நிறுத்தப்போகிறது, "எல்லோருக்கும் பொதுவான சேவை வரும்" என்கிறார்கள், எதிர்த்தால் என் விசாவுக்குச் சிக்கல் வருமா என்று கேட்டிருந்தீர்கள்.

விசாவுக்கு ஒன்றும் வராது. நிலையத்தைப் பயன்படுத்துகிறவர் என்ற முறையில் மாமியின் பெயரிலேயே வழக்குப் போடலாம். அவருடைய வருமானமும் சேமிப்பும் குறைவென்றால் அரச சட்ட உதவி கேட்கலாம்.

"பொதுவான சேவை" என்ற கதை புதிதில்லை. 2008இல் ஈலிங் கவுன்சில் இதைச் சொல்லித்தான் சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸின் மானியத்தில் கைவைத்தது. வீட்டு வன்முறைக்கு ஆளான சிறுபான்மைப் பெண்களுக்காக 1979 முதல் இயங்கும் அமைப்பு அது. அங்கே உதவி பெற்ற இரண்டு பெண்கள் வழக்குப் போட்டார்கள். விசாரணையின் இரண்டாம் நாளே கவுன்சில் பின்வாங்கியது. நீதிபதி மோசஸ் அதோடு விடவில்லை: சிறுபான்மையினருக்கெனத் தனிச்சேவை நடத்துவது சமத்துவத்துக்கு விரோதமில்லை, யாருக்குப் பாதிப்பு என்பதை முடிவெடுக்கும் முன்பே ஆராய வேண்டும் என்று தீர்ப்பே எழுதினார். அப்படி ஆராயும் கடமை அப்போது 1976ஆம் ஆண்டு இன உறவுகள் சட்டத்தில் இருந்தது. இப்போது 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவில் இருக்கிறது. இனத்தோடு வயது, உடற்குறைபாடு எல்லாம் அதில் அடங்கும்.

எங்கள் மதிய உணவுக் கூடத்துக்கும் ஒருமுறை இப்படிக் கடிதம் வந்தது. மூன்று கிழமை கையெழுத்து வாங்கித் திரிந்தோம். சட்டத்தரணி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை, "சமத்துவ மதிப்பீட்டுத் தாள் எங்கே?" என்றார். யாருக்குப் பாதிப்பு என்று கவுன்சில் ஆராய்ந்து எழுதும் தாள் அது. வாங்கிப் பார்த்தால், "இனம்" என்ற கட்டத்துக்கு எதிரே "பாதிப்பு இல்லை". "வயது", அதற்கும் அதே. வந்து சாப்பிடுகிறவர்கள் எல்லாம் எழுபது தாண்டிய தமிழர்! கீழே இருந்த திகதி, முடிவெடுத்து ஒன்பது நாள் கழித்து. சட்டத்தரணியின் கடிதம் போனதும் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அப்புறம் ஒழுங்காக ஆராய்ந்து, மானியத்தைப் பாதியாக்கினார்கள். சட்டப்படி அது சரிதான். யோசித்துவிட்டு வெட்டு என்றுதான் இந்தச் சட்டம் சொல்கிறது, வெட்டாதே என்று சொல்லவில்லை.

நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். வழக்குப் போட, முடிவெடுத்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் கடைசி எல்லை, அதற்குள்ளும் சுணங்கக்கூடாது. கூட்டக் குறிப்பையும் மதிப்பீட்டையும் உடனே எழுத்தில் கேளுங்கள். ஆஸ்பத்திரிக் கடிதத்தை யார் வாசித்துச் சொல்கிறார்கள், அந்த நிலையம் இல்லாத நாளில் மாமி யாரோடு கதைக்கிறார் என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். சட்டத்தரணி முதலில் கேட்பது அதைத்தான்.