ரோமானிய வெண்கலக் காசுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பேரீச்சை மரத்தடியில் ஒரு பெண் தலையைக் கையில் தாங்கி அழும் காசின் படம் பார்த்தேன். யார் அவர்?

பதில்: யூதர்களின் நாடான யூதேயாவைத்தான் அப்படிப் பெண்ணாகக் காட்டியிருக்கிறார்கள். கி.பி. 70இல் அவர்களுடைய எருசலேம் நகரம் ரோமானியப் படையிடம் வீழ்ந்தது. மறு ஆண்டே பேரரசர் வெஸ்பாசியன் செஸ்டெர்ஷியஸ் என்ற பெரிய காசுகளில் இதை அச்சடித்தார். சுற்றிலும் ‘யூதேயா பிடிபட்டது’ என்ற வாசகம். சிலவற்றில் மரத்துக்கு அந்தப் பக்கம் கை கட்டப்பட்ட கைதி. வெஸ்பாசியன் உள்நாட்டுப் போரில் சக ரோமானியர்களை வென்று ஆட்சிக்கு வந்தவர். அதைக் கொண்டாட முடியாது, அந்நியரை வென்றதைக் கொண்டாடலாம். ரொட்டி வாங்கப் போகிறவன் கைக்கும் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது.

இதற்கு ஒரு பதிலும் உண்டு. 132இல் பார் கோக்பா தலைமையில் கிளர்ந்தெழுந்த யூதர்கள், புழக்கத்தில் இருந்த காசுகளை எடுத்து அவற்றின் மேலேயே தங்கள் முத்திரையை அடித்தார்கள். அவர்களுடைய வெண்கலக் காசுகளிலும் பேரீச்சை மரம் இருக்கிறது. அழும் பெண் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் விடாதீர்கள்.

கேள்வி: சில பேரரசர்களுக்கு இலை மாலை, சிலருக்குக் கதிர் கதிராக மணிமுடி. ஏன்?

பதில்: ஒரே பேரரசருக்கே இரண்டும் வரும். நீரோ காலம் தொட்டு, கதிர்முடி இருந்தால் பெரும்பாலும் டுபோண்டியஸ் என்ற காசு, அதாவது அஸ் என்ற சிறிய காசு இரண்டின் மதிப்பு. அது பித்தளை, அஸ் செம்பு. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் வெண்கலம் என்றே சொல்கிறோம்.

கேள்வி: அண்ணா, இலங்கையில் கிடைத்த சின்னக் காசு ஒன்றில் வீரன் ஒருவன், குதிரையோடு விழுந்தவனை ஈட்டியால் குத்துகிறான். ரோமானியக் காசா?

பதில்: 348இல் தொடங்கிய ரோமானியக் காசு வரிசை அது. ‘நல்ல காலம் திரும்பியது’ என்பது அதன் வாசகம். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் சிறு காசுகள் இலங்கையில் ஏராளம். தமிழ்நாட்டில் கரூர், மதுரைப் பக்கமும் கிடைத்துள்ளன. இலங்கையில் உள்ளூரிலேயே செய்த நகல்களும் உண்டு. ஆகவே எழுத்து ஒழுங்காக ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: என் காசில் பச்சைப் படலம் படிந்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். எலுமிச்சையும் கூடாது. கெட்டியான, வழவழப்பான பச்சைப் படலம் காசைக் காக்கிறது. அதை உரித்தால் முகமும் எழுத்தும் சேர்ந்து போய்விடும். மண்ணை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து எடுங்கள். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்தால் அது வேறு, உப்பும் ஈரமும் செய்யும் அரிப்பு. அப்படிப்பட்ட காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் அண்டாமல் வைத்து, உடனே அருங்காட்சியகப் பாதுகாப்புத் துறையினரிடம் காட்டுங்கள்.